தலையணையைத் தொடாத தலை: உறைஞ்சு போற டிப்ரஷனும் மூளை ஸ்கேனும்

எம்.ஆர்.ஐ டேபிள்ல ஒருத்தரைப் படுக்க வெச்சா தலை தானா கீழ இறங்கி ஸ்பாஞ்சுல உக்காந்துக்கும், அதுக்கு நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. அன்னைக்கு வந்த அக்காவுக்கு இறங்கல. மல்லாக்கப் படுத்திருக்காங்க, முதுகு டேபிள்ல இருக்கு, தலை மட்டும் ஸ்பாஞ்சுக்கு மேல ரெண்டு விரக்கடை அந்தரத்துல நிக்குது. அக்கா தலையை விடுங்க, ஃப்ரீயா விடுங்கன்னு சொல்றேன், கண்ணு மேல சீலிங்கையே பாக்குது, இமைகூட சரியா அடிக்கல. நான் மெதுவா நெத்தியில கை வெச்சு அழுத்துனா நான் எவ்ளோ அழுத்தறேனோ அவ்ளோ எதிர்த்து நிக்குது கழுத்து. ஒரு நிமிஷம் நம்மளால அப்படி தலையைத் தூக்கி வெச்சிருக்க முடியாது, கழுத்து நடுங்கிடும், வேணும்னா கட்டில்ல படுத்து டிரை பண்ணிப் பாருங்க. அவங்க டேபிள் ஏறுனதுல இருந்து அப்படியேதான் இருந்தாங்க.

நான் பெங்களூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியனா பதினோரு வருஷமா இருக்கேன். அந்த நிலைக்குப் பேரு இருக்குன்னு அப்புறமா ஒரு சைக்கியாட்ரி டாக்டர் சொல்லித்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தலையணை இருக்கற மாதிரி தலையைத் தூக்கியே வெச்சிருக்கறது, கேட்டடோனியாவோட பழைய அடையாளங்கள்ல அது ஒண்ணு. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த ஸ்கேன் இல்ல, அதுக்கு அடுத்த நாள் நடந்த விஷயம்.

அவங்க ஸ்ரீராம்புரம் பக்கம், சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறவர். அம்மா இறந்ததுல இருந்து நாலு மாசமா சரியா தூங்கல, சாப்பிடல, எதுக்கெடுத்தாலும் நான்தான் காரணம்னு அழுதுட்டு இருந்திருக்காங்க, அப்புறம் அழுகையும் நின்னு போச்சு, பேச்சும் நின்னு போச்சு. கடைசி ஒன்பது நாளா வாயில சோறு வெச்சா வெச்சது வெச்சபடியே இருக்கும், முழுங்க மாட்டாங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சு கயிறு கட்டியாச்சு, திரும்பி வந்து ஒரு கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்தியாச்சு, அங்க யாரோ மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும்னு சொல்ல, காசு புரட்டறதுக்கு மூணு நாள் ஆயிருக்கு. மறுநாள் ரிப்போர்ட் வந்துச்சு, நார்மல். அந்த கிளினிக்ல ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ஸ்கேன் கிளீனா இருக்கு, உங்க சம்சாரம் நடிக்கறாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த அண்ணன் ஃபிலிம் கவரைக் கையில வெச்சுக்கிட்டு எங்க கவுன்டர்ல வந்து நின்னு, "தம்பி, ஒண்ணும் இல்லைன்னு போட்டுருக்காங்களே, அப்ப ஏன் அவ முழுங்க மாட்டேங்கறா"ன்னு கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்ப கொஞ்சம் இருக்கு.

முதல்ல கேட்டடோனியான்னா என்னன்னு சொல்லிடறேன். இந்தப் பேரை வெச்சவர் கார்ல் கால்பௌம்னு ஒரு ஜெர்மன் டாக்டர், 1874ல ஒரு சின்ன புத்தகமா எழுதுனார். பேசாம இருக்கறது, அசையாம இருக்கறது, கையைத் தூக்கி விட்டா தூக்குன இடத்துலயே நிக்கறது, சொன்னதுக்கு நேர் எதிரா இறுகிக்கறது, நாம சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொல்றது, நாம பண்றதையே காரணம் இல்லாம பண்றது, இதெல்லாம் அதுல சேரும். சிலருக்கு உல்ட்டாவா காரணமே இல்லாத ஆவேசமும் வரும். அவருக்கு அடுத்து வந்தவங்க இதைத் தூக்கி ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய்க் கணக்குல போட்டுட்டாங்க, அந்தத் தப்பு நூறு வருஷத்துக்கும் மேல ஓடுச்சு. உண்மையில தீவிர டிப்ரஷன்லயும் பைபோலார்லயும் இது நிறையவே வருது, மூளைக் காய்ச்சல், ஃபிட்ஸ், சில மருந்து, இதுலயும் வருது. 2013ல மனநோய்களுக்கான அமெரிக்க கையேடு டி.எஸ்.எம்-5 வந்தப்பதான் 12 அடையாளத்துல 3 இருந்தா கேட்டடோனியா, அது எந்த நோயோட வேணும்னாலும் சேர்ந்து வரலாம்னு தெளிவா எழுதுனாங்க. 2018ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு கணக்குல, ஆராய்ச்சியாளங்க பாத்த நோயாளிகள்ல சுமாரா 9 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு. அரிய நோய், எங்கயோ யாருக்கோ வரதுன்னு ஒதுக்கற அளவு சின்ன எண்ணிக்கை இல்ல அது.

சரி, ஸ்கேன். ஆஸ்பத்திரியில எடுக்கற எம்.ஆர்.ஐ வேற, ஆராய்ச்சியில எடுக்கறது வேற, மெஷின் ஒண்ணேதான் ஆனா கேக்கற கேள்வி வேற. இதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்காததாலதான் பாதி குடும்பங்க கஷ்டப்படுது.

ஆஸ்பத்திரி ஸ்கேன் கேக்கறது, உள்ள கட்டி இருக்கா, ரத்தக் குழாய் அடைச்சிருக்கா, வீக்கம் இருக்கா, தண்ணி கோத்திருக்கா. இது தேவையான கேள்விதான், யாரும் இதைக் குறைச்சு நினைக்கக் கூடாது, ஏன்னா மூளையோட முன்பக்கத்துல ஒரு கட்டி வந்தாலோ அடைப்பு வந்தாலோ ஆளு இதே மாதிரி பேச்சில்லாம உக்காந்துடலாம். பிரசவம் ஆன பொண்ணுக்கு மூளையில இருந்து ரத்தத்தை வெளிய கொண்டு போற சிரையில அடைப்பு விழலாம், அதுவும் ஸ்கேன்ல மாட்டும். ஆனா மாட்டாததும் இருக்கு. 2007ல டால்மாவ்ங்கற நரம்பியல் டாக்டர் குழு ஒரு நோயை அடையாளம் சொன்னாங்க, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையில என்.எம்.டி.ஏங்கற ரிசெப்டரை, அதாவது நரம்பு செல் மேல ரசாயனம் வந்து ஒட்டற இடத்தைத் தாக்கறது, பெரும்பாலும் இளம் பொண்ணுங்களுக்கு வரும், சிலருக்கு சினைப்பையில ஒரு கட்டி காரணமா இருக்கும். அதுல கேட்டடோனியா சர்வ சாதாரணம், ஆனா பாதிப் பேருக்கு மேல எம்.ஆர்.ஐ நார்மலாவே வரும், முதுகுத் தண்டுல தண்ணி எடுத்து ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணாதான் தெரியும். வெளிய வலிப்பு தெரியாம உள்ளயே ஓடற ஃபிட்ஸும் அப்படித்தான், அதுக்கு ஈ.ஈ.ஜி வேணும், மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற டெஸ்ட். திடீர்னு ஆரம்பிச்சது, கூடவே காய்ச்சல், இதுக்கு முன்ன மனநோயே இல்லாத சின்ன வயசு, இப்படி இருந்தா வெறும் எம்.ஆர்.ஐ நார்மல்னு அதோட நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட இந்த ரெண்டு டெஸ்ட்டையும் கேளுங்க.

இதெல்லாம் இல்லாம சுத்தமா டிப்ரஷனால வந்த கேட்டடோனியான்னா? அப்ப நாங்க எடுக்கற படம் நார்மலாத்தான் வரும். நார்மலா வந்தா அந்தக் கட்டி அடைப்பு மாதிரி சமாச்சாரம் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். ஒரு வீட்டை மேல இருந்து போட்டோ எடுக்கறோம், சுவர் இடியல, கூரை இருக்கு. உள்ள கரண்ட் இருக்கான்னு அந்தப் போட்டோல எப்படித் தெரியும்?

கரண்ட்டைப் பாக்கறதுக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க வேற வேற வழி வெச்சிருக்காங்க, அதுல கிடைச்சதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

ஜெர்மனியில கேயார்க் நோர்தாஃப்னு ஒருத்தர், அவர் குழு 1999ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மூளையில காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, பிரேக் மாதிரி, நரம்பு செல்லுங்க ஓவரா கத்தாம அடக்கி வெக்கறது. அந்த காபா வந்து உக்கார்ற ரிசெப்டர்ல போய் ஒட்டிக்கற மாதிரி ஒரு மருந்துல கதிர்வீச்சு அயோடின் சேர்த்து ஊசி போட்டு, ஸ்பெக்ட் கேமராவுல எங்க எவ்ளோ ஒட்டியிருக்குன்னு எண்ணிப் பாத்தாங்க. அசையாம உறைஞ்சு போற கேட்டடோனியா வந்தவங்களுக்கு இடது பக்கம் உடம்பை அசைக்கற, தொடு உணர்ச்சியைப் பாக்கற பகுதியில அது குறைவா ஒட்டியிருந்துச்சு, அதாவது அங்க அந்த ரிசெப்டர் கம்மி. இதுல என்ன விசேஷம்னா, கேட்டடோனியாவுக்கு முதல்ல குடுக்கற மருந்து லோராசெபாம், அதுவும் போய் ஒட்டறது இதே ரிசெப்டர்லதான். மருந்து ஏன் வேலை செய்யுதுன்னு ஒரு படம் கோடு காட்டுது.

அடுத்து பயம். அதே குழு, பாத்தா மனசு பதறற மாதிரி படங்களைக் காட்டி எஃப்.எம்.ஆர்.ஐ எடுத்தாங்க, அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் எங்க மாறுதுன்னு பாக்கற ஸ்கேன். கண்ணுக்கு மேல இருக்கற ஆர்பிட்டோஃப்ரன்டல் பகுதி, உணர்ச்சியை அளந்து அடக்கற இடம், அது மத்தவங்களுக்கு வேலை செய்யற மாதிரி இவங்களுக்கு வேலை செய்யல. கேட்டடோனியால இருந்து மீண்டவங்ககிட்ட பேசுனா நிறைய பேர் சொல்றது உள்ள ஓடுன பயத்தைப் பத்தித்தான், தாங்க முடியாத பயம், கட்டுப்படுத்த முடியாத உணர்ச்சி. வெளிய பாக்கறவங்களுக்கு கல்லு மாதிரி தெரியுது. அந்த பயம் கட்டுக்கடங்காம போறதுதான் அசைவையே பூட்டிடுதுன்னு அந்த ஆராய்ச்சிக்காரங்க ஒரு விளக்கம் வெக்கறாங்க. பாம்பைப் பாத்து உறைஞ்சு நிக்கற எலி மாதிரிதான் இதுன்னு வேற சில பேரும் எழுதியிருக்காங்க.

மூணாவது, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஸ்விட்சர்லாந்து பெர்ன்ல செபாஸ்டியன் வால்தர் குழு, 2017. ஊசியே இல்லாம, கழுத்து வழியா மேல ஏறற ரத்தத்துல இருக்கற தண்ணிக்கு காந்தத்தால ஒரு அடையாளம் வெச்சு, அது மூளையில எங்க எவ்ளோ போகுதுன்னு அளக்கற முறை ஒண்ணு இருக்கு. அப்படி அளந்தப்ப, சும்மா படுத்திருக்கும்போதே கேட்டடோனியா இருக்கறவங்களுக்கு சப்ளிமென்டரி மோட்டார் ஏரியாவுல ரத்த ஓட்டம் அதிகமா இருந்துச்சு. கை எடுக்கலாமா வேண்டாமா, எப்ப ஆரம்பிக்கலாம், எப்ப நிறுத்தலாம்னு அசைவைத் திட்டம் போடற இடம் அது. அசையவே முடியாத நோய்ல அசைவைத் திட்டம் போடற இடம் தூங்கிட்டு இருக்கும்னுதான் நான் நினைச்சிருந்தேன், ஆனா அது ராப்பகலா ஓடிட்டு இருக்கு. வண்டி நியூட்ரல்ல ஆக்சிலரேட்டரை முறுக்கி வெச்ச மாதிரி. ஆனா ஒண்ணு, அந்த ஆய்வுல இருந்தவங்க ஸ்கிசோஃப்ரினியா வகை நோய் இருக்கறவங்க, டிப்ரஷனால கேட்டடோனியா வந்தவங்களுக்கும் அப்படியே பொருந்தும்னு எடுத்துக்க முடியாது. டிப்ரஷன் கேட்டடோனியாவை மட்டும் தனியா எடுத்துப் பாத்த ஸ்கேன் ஆய்வுகள் ரொம்பக் குறைவு.

ஏன் குறைவுன்னு என்னை மாதிரி மெஷின் பக்கத்துல நிக்கறவனுக்கு சட்டுனு புரியும். நிறைய எஃப்.எம்.ஆர்.ஐ ஆய்வுக்கு ஆளு சொன்னதைக் கேட்டு பட்டன் அமுக்கணும், பேசாம அசையாம கெடக்கறவங்க எப்படி அமுக்குவாங்க. தலை ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆடுனாலே படம் கெட்டுப் போயிடும், கேட்டடோனியால அசைவே இருக்காதுன்னு நினைக்காதீங்க, கழுத்து எதிர்த்துட்டு இருக்கும், திடீர்னு ஒரு உதறல் வரும், அந்த அக்காவுக்கே நாங்க ஒரு சீக்வென்ஸை, அதாவது ஒரு செட் படத்தை, மூணு தடவை எடுக்க வேண்டியதாச்சு. ஆராய்ச்சின்னா சம்மதம் வேற வாங்கணும், வாயே திறக்காதவங்ககிட்ட என்ன சம்மதம் வாங்கறது. எல்லாத்துக்கும் மேல, நல்ல டாக்டர் யாரும் ஆராய்ச்சிக்காக லோராசெபாமைத் தள்ளிப் போட மாட்டாங்க, போடவும் கூடாது. மருந்து போட்டாச்சுன்னா அது அந்த ரிசெப்டர்ல போய் உக்காந்துடும், அப்புறம் எதை அளக்கறது. இதனால ரொம்ப மோசமா உறைஞ்சு கெடக்கறவங்க அந்த நிலையிலயே மெஷினுக்குள்ள போறது அபூர்வம், ஓரளவு தேறுனவங்கதான் போக முடியுது, அப்படி எடுத்த படத்தை வெச்சுக்கிட்டுத்தான் உறைஞ்சு கெடக்கறவங்களைப் பத்திப் பேசறோம்.

இன்னொண்ணு, எண்ணிக்கை. டிப்ரஷன்ல ஹிப்போகேம்பஸ், அதாவது ஞாபகத்தைப் பாத்துக்கற மூளைப் பகுதி, சுருங்குதுன்னு பத்திரிகையில நிறைய படிச்சிருப்பீங்க. 2016ல எனிக்மான்னு ஒரு சர்வதேச கூட்டு முயற்சியில 1,728 நோயாளிங்க, 7,199 நோய் இல்லாதவங்க ஸ்கேனை ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க, வித்தியாசம் சராசரியா 1.24 சதவீதம். ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் மூணு மூணரை சி.சி. இருக்கும்னு வெச்சா வித்தியாசம் ஒரு சொட்டு தண்ணியைவிடக் கம்மி. ஆளுக்கு ஆளு இயற்கையாவே இருக்கற வித்தியாசம் அதைவிட பல மடங்கு. கூட்டத்தைக் கூட்டமா வெச்சுப் பாத்தா தெரியற விஷயம் அது, ஒரு ஆளோட ஃபிலிமை லைட்ல தூக்கிப் பிடிச்சு இவருக்கு டிப்ரஷன்னு எந்த ரேடியாலஜிஸ்ட்டும் சொல்ல முடியாது. 2020ல இன்னொரு விஷயம் வந்துச்சு, ஒரே எஃப்.எம்.ஆர்.ஐ டேட்டாவை 70 குழுகிட்ட குடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டாங்க, ரெண்டு குழுகூட ஒரே மாதிரி வழியில கணக்கு போடல, சில கேள்விக்கு முடிவே வேற வேறயா வந்துச்சு. அதனால கலர் கலரா மூளைப் படத்தைப் போட்டு உங்க டிப்ரஷனை ஸ்கேன்லயே கண்டுபிடிச்சுத் தரோம்னு யாராவது பேக்கேஜ் போட்டு விளம்பரம் பண்ணா தயவுசெஞ்சு காசைக் கொண்டு போய்க் கட்டாதீங்க, அந்தக் காசு உங்களுக்கு மருந்துக்கு வேணும்.

கேட்டடோனியாவைக் கண்டுபிடிக்கற வேலை கட்டில் பக்கத்துலதான் நடக்குது. புஷ்-ஃபிரான்சிஸ் ஸ்கேல்னு 1996ல வந்த ஒரு முறை இருக்கு, 23 அம்சம், அதுல முதல் 14ல 2 இருந்தாலே சந்தேகம் உறுதியாகுது. டாக்டர் கையைத் தூக்கி விட்டுப் பாப்பார், கை குலுக்க வர மாதிரி கையை நீட்டிட்டு குலுக்காதீங்கன்னு சொல்லிப் பாப்பார், முகத்தைப் பாத்து தலையைச் சொறிஞ்சு காட்டுவார். அப்புறம் லோராசெபாம் 1 இல்லைன்னா 2 மில்லிகிராம் ஊசி, ஆஸ்பத்திரியில மூச்சைக் கவனிச்சுக்கிட்டே போடறது, வீட்டுல யாரும் பண்ணக் கூடாது. போட்டு கொஞ்ச நேரத்துலயே பல நாள் பேசாதவங்க தண்ணி கேட்டிருக்காங்க. எல்லாருக்கும் அப்படி நடக்காது. பத்து நாள் பேசாம கெடக்கறதுல பெரிய ஆபத்து மனசு மட்டும் இல்ல, தண்ணி இல்லாம கிட்னி கெடும், கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போகும், படுக்கைப் புண் வரும். சிலருக்குக் காய்ச்சலும் பி.பி ஏத்த இறக்கமுமா உசுரே போயிடும். ஸ்கேனுக்குன்னு காத்திருந்த அந்த மூணு நாளை நினைச்சா எனக்கு இன்னமும் வயித்தைக் கலக்குது.

அந்த அக்காவை கடைசியில ஒசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, எமர்ஜென்சியில. ஊசிக்கு கொஞ்சம் கண்ணு அசைஞ்சுச்சு, அவ்ளோதான், அப்புறம் ஈ.சி.டி குடுத்தாங்க. ஈ.சி.டின்னா நம்ம ஆளுங்களுக்கு கரண்ட் ஷாக், சினிமாவுல கையைக் காலைக் கட்டிப் போட்டு குடுக்கறதுதான் ஞாபகத்துக்கு வரும். 2017 மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தற மருந்தும் இல்லாம அதைக் குடுக்கவே கூடாது. தூங்க வெச்சு, சில செகண்ட் கரண்ட், மூளையில ஒரு சின்ன வலிப்பு, கொஞ்ச நேரத்துல முழிப்பு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. டிப்ரஷனோட வர கேட்டடோனியாவுக்கு இதைவிட நல்லா வேலை செய்யறது இன்னைக்கும் எதுவும் இல்ல. இதுக்கு அப்புறம் ஸ்கேன் எடுத்தா ஹிப்போகேம்பஸ் கொஞ்சம் பெருசாகறது தெரியுது, ஆனா பெருசானவங்கதான் நல்லா ஆனாங்கன்னும் இல்ல, அந்த முடிச்சு இன்னும் அவிழல. சிலருக்குக் கொஞ்ச நாள் மறதி இருக்கும், அதை முன்னாடியே சொல்லிக் கேட்டுக்கறது நல்லது.

நாலாவது ஈ.சி.டிக்கு அப்புறம் சாதம் சாப்பிட்டாங்களாம். ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டு பேருமா சென்டருக்கு வந்தாங்க, விட்டுட்டுப் போன மெட்டியை வாங்கிட்டுப் போக, ஸ்கேனுக்கு முன்னாடி கழட்டி கவர்ல போட்டு வெச்சது. நான் தயங்கித் தயங்கி அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்குன்னாங்க. எம்.ஆர்.ஐக்கு உள்ள அனுப்பறதுக்கு முன்ன கையில ஒரு ரப்பர் பந்து குடுப்போம், பயமா இருந்தா அமுக்குங்க, நாங்க வெளிய எடுத்துடுவோம்னு. அவங்க கையில அதை வெச்சு விரலை மடக்கி விட்டது நான்தான். "அமுக்கணும் அமுக்கணும்னுதான் தம்பி உள்ள இருந்தவரைக்கும் நினைச்சேன், கை என்னுது மாதிரியே இல்ல, அந்த சத்தம் வேற, செத்துப் போயி எரிக்க உள்ள தள்றாங்கன்னு நினைச்சேன்"ன்னாங்க. நாற்பது நிமிஷம் உள்ள இருந்தாங்க. ராப்பகலா ஓடற அந்த மோட்டார் ஏரியாவைப் பத்திப் படிச்சப்ப எனக்கு அந்த பந்துதான் ஞாபகம் வந்துச்சு.

இந்த ஊர்ல டாக்டர் கன்னடத்துலயோ ஹிந்திலயோ பேசுவார், நர்ஸ் மலையாளத்துல, ரிப்போர்ட் இங்கிலீஷ்ல. பதில் சொல்லாதவங்ககிட்ட எந்த பாஷையில பேசுனா என்னன்னு எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா காது கேக்குது, புரியாத பாஷையில கேட்டு பதில் வரலைன்னா அது நோயா பாஷையான்னு டாக்டருக்கே எப்படித் தெரியும். கூட வர்றவங்க யாராவது தமிழ்ல எடுத்துச் சொல்லுங்க, டாக்டர் சொல்ற ஒவ்வொண்ணையும். எங்க போறதுன்னு தெரியலைன்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு போன் போடுங்க, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயும் பேசுவாங்க. ஆனா சாப்பாடு தண்ணி இறங்கலைன்னா போன்லாம் வேணாம், நேரா எமர்ஜென்சிதான்.

எங்க சென்டர்ல இப்ப பேச்சில்லாம வர்றவங்களுக்கு பந்தை மட்டும் நம்பறதில்ல. வீட்டு ஆளு ஒருத்தரை, உடம்புல இரும்பு எதுவும் இல்லைன்னு பாத்துட்டு, காதுக்குப் பஞ்சு குடுத்து உள்ளயே கால் பக்கம் நிக்க வெக்கறோம், பாதத்தைப் புடிச்சுக்கிட்டு. நான் ஒவ்வொரு சீக்வென்ஸுக்கு முன்னயும் மைக்ல சொல்லுவேன், அக்கா இது ஸ்கேன் மெஷின், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, இப்ப நாலு நிமிஷம் டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், அப்புறம் நின்னுடும், உங்க வீட்டுக்காரர் கால்மாட்டுலதான் நிக்கறார். பதில் வராது. அடுத்த சீக்வென்ஸுக்கும் சொல்லுவேன்.